கிளையே இல்லாத கரன்ட் அக்கவுன்ட்: பாலக்கரை கடைக்காரருக்கு ஒத்துவருமா?

திருச்சி பாலக்கரை ரவுண்டானாவிலிருந்து காந்தி மார்க்கெட் பக்கம் நடந்தால், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் சவுண்ட் பாக்ஸ் இல்லாத கடையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். டீக்கடை, பூக்கடை, சைக்கிள் கடை என எல்லா இடத்திலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. பணம் வந்து விழும் சத்தம் எல்லோருக்கும் கேட்கிறது. அது எந்தக் கணக்கில் விழுகிறது, அந்தக் கணக்கு யாரிடம் இருக்கிறது என்பதைக் கேட்டால் பலரிடம் தெளிவான பதில் இருக்காது.

இந்த இடத்தில்தான் புது விளம்பரங்கள் நுழைகின்றன. பத்து நிமிஷத்தில் கரன்ட் அக்கவுன்ட், பேப்பர் வேண்டாம், பிராஞ்சுக்கு வர வேண்டாம், குறைந்தபட்ச இருப்பும் வேண்டாம் என்கிறார்கள். இன்னொரு பக்கம், தாத்தா காலத்திலிருந்து கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளை. அங்கே டோக்கன் வாங்கி உட்கார வேண்டும், பாஸ்புக் பிரின்டர் பாதி நாள் ரிப்பேர். எதை நம்பிக் கடைப் பணத்தை வைப்பது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் கரன்ட் அக்கவுன்ட், அதாவது நடப்புக் கணக்கு என்பது வியாபாரத்துக்கானது. அதற்கு வட்டி கிடையாது. எத்தனை முறை வேண்டுமானாலும் பணம் போடலாம், எடுக்கலாம். பிரிட்டனில் 'கரன்ட் அக்கவுன்ட்' என்றால் சம்பளக்காரர்களின் அன்றாடக் கணக்கு. மான்சோ, ஸ்டார்லிங் போன்ற கிளையில்லா வங்கிகள் அங்கே அந்தக் கணக்கை வைத்துத்தான் வளர்ந்தன. அவை தனி உரிமம் பெற்ற முழு வங்கிகள். அந்த ஊர்ப் பெருமையை அப்படியே எடுத்து வந்து இங்கே ஒட்டவைக்க முடியாது. காரணம், இந்தியாவில் அந்த வகை உரிமமே இல்லை.

செயலி வங்கியா, வங்கியின் செயலியா?

டிஜிட்டல் வங்கிகளுக்குத் தனி உரிமம் கொடுக்கலாம் என்று நிதி ஆயோக் 2022 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. ரிசர்வ் வங்கி அந்தப் பாதையில் போகவில்லை. அதற்குப் பதிலாக, இருக்கிற வங்கிகளே நடத்தும் 75 டிஜிட்டல் வங்கிப் பிரிவுகள் 2022 அக்டோபர் 16 அன்று தொடங்கப்பட்டன.

ஆகவே இங்கே 'ஆப் பேங்க்' என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் வங்கிகளே அல்ல. ஜுப்பிட்டர் செயலியில் திறக்கப்படும் சேமிப்புக் கணக்கு, கேரளத்தின் ஆலுவாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபெடரல் வங்கியில் இருக்கிறது. வியாபாரிகளுக்கான ரேசர்பே எக்ஸ், ஓப்பன் போன்றவையும் கூட்டாளி வங்கிகளின் நடப்புக் கணக்குகளுக்கு மேலே போட்ட ஒரு மேல்பூச்சுதான். பூச்சு அழகாக இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஜிஎஸ்டி கட்டுவது, சம்பளம் போடுவது, பில் அனுப்புவது எல்லாம் ஒரே திரையில் முடிந்துவிடுகிறது. ஆனால் பணம் அந்தத் திரைக்குச் சொந்தக்காரரிடம் இல்லை.

இன்னொரு வகை, வங்கியே நடத்தும் செயலி. கோட்டக் 811 (2017), ஸ்டேட் வங்கியின் யோனோ (2017) இந்த வகை. இங்கே செயலி கைவிட்டாலும் பின்னால் கிளை இருக்கிறது. மூன்றாவது வகை பேமென்ட்ஸ் வங்கி. இதற்கு உரிமம் உண்டு. ஆனால் ஒரு வாடிக்கையாளரிடம் நாள் முடிவில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் வைத்திருக்கக் கூடாது, தானாகக் கடன் கொடுக்கவும் முடியாது.

எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு சுலப வழி, ஐஎஃப்எஸ்சி எண். முதல் நான்கு எழுத்து எந்த வங்கி என்று சொல்லும். கடைசி ஆறு எந்தக் கிளை என்று சொல்லும். செயலியில் கணக்குத் திறந்த பாலக்கரைக்காரர் அந்த எண்ணைத் தேடிப் பார்த்தால், தன் 'ஹோம் பிராஞ்ச்' வேறு மாநிலத்தில் இருப்பதைக் கண்டு ஆச்சரியப்படலாம். அது எப்போது முக்கியமாகிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

கரூரில் நடந்தது

செயலியா, கிளையா என்ற கேள்விக்கு நம் பக்கத்திலேயே, காவிரிக் கரையிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

2016 ஏப்ரலில் சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கி 'டிஜிபேங்க்' என்ற பெயரில் இந்தியாவில் கைபேசியிலேயே முடிந்துவிடும் வங்கியைத் தொடங்கியது. கிளை கிடையாது, கையெழுத்து கிடையாது, பேப்பர் கிடையாது. ஆனால் ஒரு சிக்கல். வாடிக்கையாளர் யார் என்று விரல் ரேகை வைத்து உறுதி செய்ய ஓர் இடம் வேண்டுமே? அதற்காக கஃபே காபி டே கடைகளோடு ஒப்பந்தம் போட்டார்கள். காபி குடிக்கப் போகிறவர் அங்கேயே ரேகை வைத்துக் கணக்கைத் திறக்கலாம். கிளையே வேண்டாம் என்று வந்தவர்களுக்குக் காபிக் கடை தேவைப்பட்டது! 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஆதார் தீர்ப்பு, தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்துவதற்குக் கட்டுப்பாடு போட்டபோது இந்த மாதிரி ஏற்பாடுகள் எல்லாமே ஆட்டம் கண்டன. வீடியோவில் முகம் பார்த்து உறுதி செய்யும் முறைக்கு ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில்தான் அனுமதி கொடுத்தது. தனிநபர் வியாபார நிறுவனங்களுக்கு அது வந்தது 2021 மே மாதம்.

அதே காலத்தில் கரூரில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. 1926இல் வி.எஸ்.என். ராமலிங்கம் செட்டியாரும் இன்னும் சில கரூர் வியாபாரிகளும் சேர்ந்து தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி. திருச்சி, கரூர், நாமக்கல் பக்கத்து வியாபாரிகளின் கடன் தேவையைத் தெரிந்து வளர்ந்த வங்கி. 560-க்கும் அதிகமான கிளைகள். மேனேஜருக்குக் கடைக்காரரைத் தெரியும், கடைக்காரரின் மாமனாரையும் தெரியும் என்கிற வகை. அந்த வங்கிதான், பெரிய நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கப் போய் வாராக்கடனில் மாட்டியது. 2019இல் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டு வளையத்துக்குள் வந்தது. 2020 நவம்பர் 17 மாலை ஆறு மணிக்குத் தடை உத்தரவு வந்தது: ஒரு வாடிக்கையாளர் எடுக்கக்கூடிய அதிகபட்சம் 25,000 ரூபாய்.

மருத்துவம், படிப்பு, கல்யாணம் போன்ற அவசரங்களுக்குத் தனி அனுமதி உண்டு என்றார்கள். சரக்குக்காரருக்குக் கொடுத்த செக்குக்கு? நடப்புக் கணக்கில் பத்து லட்சம் வைத்திருந்த வியாபாரிக்கும் அதே 25,000தான். தீபாவளி முடிந்து மூன்றே நாள். பண்டிகைச் சரக்குக்குப் பணம் செட்டில் செய்யும் நேரம்.

பத்து நாளில் முடிவு வந்தது. நவம்பர் 27 அன்று லட்சுமி விலாஸ் வங்கி, டிபிஎஸ் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. டெபாசிட்தாரர்களின் பணம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பங்குதாரர்களின் முதலீடு பூஜ்யமானது. 318 கோடி ரூபாய் பாண்டு வாங்கியவர்களுக்கும் நாமம். கைபேசி வங்கி என்று பேர் வாங்கி, நாடு முழுக்க முப்பது சொச்சம் கிளை மட்டுமே வைத்திருந்த டிபிஎஸ், 94 வருஷத்து வங்கியின் 560 கிளைகளை ஒரே நாளில் பெற்றது. அதில் பெரும்பகுதி தென்னிந்தியாவில். சிறு வியாபாரக் கடன், தங்க நகைக் கடன் என்று அதற்குப் பிறகு அந்த வங்கி போன பாதை, கிளை வழியாகத்தான்.

இதிலிருந்து 'கிளை வென்றது' என்றும் சொல்லலாம், 'கிளை தோற்றது' என்றும் சொல்லலாம். இரண்டுமே பாதி உண்மை. மேனேஜரைத் தெரியும் என்பது வங்கியின் கணக்குப் புத்தகம் சுத்தமாக இருக்கிறது என்பதற்குச் சான்று அல்ல. அதே சமயம், காபிக் கடையில் ரேகை வாங்கிய காலத்தில் பிடிக்க முடியாத வியாபாரிகளைப் பிடிக்க, கடைசியில் கட்டடமும் கவுன்டரும் தேவைப்பட்டன.

சமீபத்திய உதாரணம் இன்னும் வேடிக்கை. ஸ்லைஸ் என்ற செயலி நிறுவனம் 2024 அக்டோபரில் வடகிழக்கு மாநிலங்களின் ஒரு சிறு நிதி வங்கியோடு இணைந்து, தானே வங்கியாகிவிட்டது. அதன் பிறகு 2025 ஜூலையில் பெங்களூரு கோரமங்களாவில் பெருமையாகத் திறந்தது என்ன தெரியுமா? ஒரு கிளை.

கைக்காசு பிரச்சினை

பாலக்கரையில் ஒரு ஹார்டுவேர் கடை என்று வைத்துக்கொள்வோம். வரவில் பாதி யுபிஐ, மீதி ரொக்கம். யுபிஐ பக்கத்துக்குச் செயலிக் கணக்கு தாராளமாகப் போதும். காந்தி மார்க்கெட்டில் லோடு இறங்கும் விடியற்காலை நேரத்தில் பணம் அனுப்ப எந்தக் கிளையும் திறந்திருக்காது. நெஃப்ட் 2019 டிசம்பர் முதலும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் முதலும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. கிளையை நம்பியிருந்த காலத்தில் சனிக்கிழமை மதியத்தோடு நின்றுபோன வியாபாரம் இப்போது நிற்பதில்லை.

மீதிப் பாதிதான் தலைவலி. சாயந்திரம் கல்லாவில் சேரும் நோட்டுக் கட்டை எங்கே போடுவது? கூட்டாளி வங்கியின் பணம் போடும் மெஷின் பக்கத்தில் இருந்தால் சரி. இல்லாவிட்டால் ரொக்கத்தை வேறொரு வங்கியில் போட்டு, அங்கிருந்து செயலிக் கணக்குக்கு மாற்ற வேண்டும். யுபிஐ மூலம் எந்த வங்கி மெஷினிலும் பணம் போடும் வசதி 2024 ஆகஸ்டில் அறிமுகமானது. ஆனால் எல்லா மெஷினிலும் அது கிடையாது. போகட்டும், மெஷின் நோட்டு வாங்கும். சில்லறை? தமிழ்நாட்டில் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கும் வழக்கம், அது செல்லும் என்று ரிசர்வ் வங்கி திரும்பத் திரும்பச் சொன்ன பிறகும் முழுசாகப் போகவில்லை. மூட்டையாகச் சேர்ந்த நாணயத்தை வாங்கவும், பண்டிகைக்குச் சில்லறை கொடுக்கவும் ஒரு காசாளர் வேண்டும். 2023 மே மாதம் 2,000 ரூபாய் நோட்டு திரும்பப் பெறப்பட்டபோதும், செயலிதான் எல்லாம் என்றிருந்தவர்கள் யாரோ ஒரு வங்கியின் வரிசையில்தான் நின்றார்கள்.

செக் விஷயத்தில் நிலைமை மாறிவருகிறது. 2025 அக்டோபர் 4 முதல் செக் ஸ்கேன் ஆகிப் போனவுடன் அன்றைக்கே தீர்வாகும் முறை வந்துவிட்டது. ஆனால் அந்தச் செக்கை யாராவது கையில் வாங்கி ஸ்கேன் செய்ய வேண்டுமே. மொத்த வியாபாரத்தில் பின்தேதியிட்ட செக் இன்னும் ஓய்வு பெறவில்லை.

கணக்கு முடங்கினால் யாரைப் பார்ப்பது?

இதுதான் கடைக்காரர்கள் உண்மையிலேயே பயப்படும் விஷயம். பயத்துக்குக் காரணமும் உண்டு.

ஆன்லைன் மோசடியில் பணம் இழந்தவர் 1930 எண்ணில் புகார் செய்தால், அந்தப் பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போனது என்று போலீஸ் பின்தொடர்ந்து, வழியில் உள்ள கணக்குகளை நிறுத்தச் சொல்கிறது. மோசடிப் பணத்தில் ஒரு துளி, ஐந்தாவது கையோ ஆறாவது கையோ மாறி, பெயின்ட் வாங்கிய ஒருவரின் யுபிஐ வழியாகக் கடைக் கணக்குக்கு வந்திருக்கலாம். கடைக்காரருக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு நாள் காலையில் சப்ளையருக்கு அனுப்பிய பணம் போகாது. விசாரித்தால், பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு மாநிலத்துச் சைபர் போலீஸ் நிலையத்தின் உத்தரவு.

சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும், முழுக் கணக்கையும் முடக்கத் தேவையில்லை என்ற திசையில் கேரள உயர் நீதிமன்றம் 2023இலும், சென்னை உயர் நீதிமன்றம் 2024இலும் உத்தரவிட்டிருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு கடைக்காரரும் ரிட் மனு போட முடியாது. நடைமுறையில் நடப்பது என்ன? கிளையில் கணக்கு இருந்தால், நேரில் போய் உட்காரலாம். எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை, எந்த அதிகாரி என்ற விவரத்தை எழுத்தில் வாங்கலாம். ஜிஎஸ்டி பில்லையும் ஸ்டாக் புத்தகத்தையும் காட்டி, வங்கி வழியாகவே பதில் அனுப்பச் சொல்லலாம். மேனேஜர் முகம் சுளிப்பார், நாளைக்கு வாங்க என்பார். ஆனாலும் எதிரில் ஓர் ஆள் இருக்கிறார். செயலிக் கணக்கில் முதலில் சாட் பெட்டி. அது செயலி நிறுவனத்துடையது. அவர்களால் கணக்கைத் திறக்க முடியாது. அவர்கள் கூட்டாளி வங்கிக்கு அனுப்புவார்கள். அந்த வங்கியின் உள்ளூர்க் கிளைக்குப் போனால், 'உங்க அக்கவுன்ட் இந்த பிராஞ்ச்ல இல்லையே' என்ற பதில் வரும் வாய்ப்பு அதிகம். ஐஎஃப்எஸ்சி எண்ணைப் பார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 அதற்கான எண். புகார் கொடுக்க வேண்டியது வங்கியின் மேல். செயலியின் பெயரை மட்டும் எழுதிவைத்தால் அந்த மனு எங்கேயும் நகராது.

செயலி நின்றுபோன நாட்கள்

2020 மார்ச் 5 இரவு எஸ் வங்கிக்குத் தடை வந்தது. அடுத்த சில மணி நேரத்தில், எஸ் வங்கியில் ஒரு ரூபாய்கூட இல்லாத லட்சக்கணக்கானவர்களின் ஃபோன்பே வேலை செய்யவில்லை. ஃபோன்பேயின் யுபிஐ அந்த வங்கியைச் சார்ந்து ஓடியது என்பது பலருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி மீது ரிசர்வ் வங்கி 2024 ஜனவரி 31 அன்று நடவடிக்கை எடுத்தபோது கடைக்காரர்களுக்கு நேரடி அடி. மார்ச் 15க்குப் பிறகு அந்த வங்கிக் கணக்கில் புது வரவு விழாது. க்யூஆர் அட்டை வேலை செய்யும். ஆனால் பணம் போய்ச் சேரும் கணக்கை வேறு வங்கிக்கு மாற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்திருந்தவர்கள் தவித்துப்போனார்கள். ஏற்கெனவே வேறொரு வங்கிக் கிளையில் கணக்கு வைத்திருந்தவருக்கு வேலை சீக்கிரம் முடிந்தது.

கிளை வங்கிகளின் செயலிகளும் உத்தமம் என்று சொல்வதற்கில்லை. பாங்க் ஆஃப் பரோடாவின் 'பாப் வேர்ல்டு' செயலியில் புது வாடிக்கையாளர்களைச் சேர்க்க 2023 அக்டோபரில் தடை. ஏழு மாதம் கழித்துத்தான் நீங்கியது. கோட்டக் வங்கிக்கு 2024 ஏப்ரலில் அதே மாதிரி தடை. 2025 பிப்ரவரி வரை நீடித்தது. இரண்டிலும் பழைய வாடிக்கையாளருக்குப் பாதிப்பில்லை என்பதே வித்தியாசம். கிளைக்குள் இருப்பதாலேயே எல்லாம் பத்திரம் என்றும் இல்லை. 2019 ஜனவரியில் திருச்சி நம்பர் 1 டோல்கேட்டில் வங்கிச் சுவரைத் துளைத்து லாக்கர்களை உடைத்ததை இந்த ஊர் மறந்திருக்காது.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் மோசம். செயலிகளுக்கும் வங்கிகளுக்கும் நடுவில் கணக்கு எழுதிவந்த சினாப்ஸ் என்ற நிறுவனம் 2024 ஏப்ரலில் திவாலானது. யாருடைய பணம் எந்த வங்கியில் எவ்வளவு என்ற கணக்கே ஒத்துவரவில்லை. 6.5 கோடி முதல் 9.6 கோடி டாலர் வரை இடித்தது. வங்கிகள் திவாலாகவில்லை என்பதால் டெபாசிட் காப்பீடும் உதவிக்கு வரவில்லை. இந்தியாவில் கணக்கு வாடிக்கையாளர் பெயரிலேயே நேராக வங்கியில் இருக்க வேண்டும் என்பதால் அந்த அளவுக்குப் போக வாய்ப்பு குறைவு. ஆனாலும், தன் கணக்கின் ஸ்டேட்மென்டைச் செயலியிலிருந்து மட்டுமல்லாமல் வங்கியின் சொந்தத் தளத்திலிருந்தும் எடுக்க முடிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. வங்கியின் சொந்தத் தளம் என்றால் முகவரி 'பேங்க் டாட் இன்' என்று முடியும். 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் அதற்கு மாற வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

கடன், காப்பீடு

டெபாசிட் காப்பீடு இரண்டுக்கும் ஒன்றுதான்: ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய். 2020 பிப்ரவரிக்கு முன் 1 லட்சமாக இருந்தது. இதில் கடைக்காரர்கள் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. தனி உரிமையாளர் கடையின் நடப்புக் கணக்கும், அவருடைய சொந்தச் சேமிப்புக் கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால் இரண்டையும் கூட்டித்தான் 5 லட்சம். ஒரு செயலி வழியாக ஒரு வங்கியில் வைத்திருக்கும் பணமும், அதே வங்கியின் கிளையில் நேரடியாக வைத்திருக்கும் பணமும் அப்படித்தான். இரண்டு இடம் என்பது கண்ணுக்குத்தான்.

கடனில் இரண்டு பக்கமும் வேறு வேறு மொழி பேசுகின்றன. செயலி, யுபிஐ வரவையும் ஜிஎஸ்டி கணக்கையும் பார்த்துச் சில நிமிடத்தில் சின்னக் கடன் தரும். வட்டி கூடுதலாக இருக்கலாம். கிளை நாள்கணக்கில் அலையவிடும். ஆனால் சரக்கின் பேரில் சி.சி. லிமிட், 20 லட்சம் வரை முத்ரா கடன், அவசரத்துக்கு நகைக் கடன் எல்லாம் அங்கேதான். நகையைச் செயலிக்குள் வைக்க முடியாது. கிளையில் கடன் கேட்கும்போது மேனேஜர் முதலில் பார்ப்பதும் நடப்புக் கணக்கின் வரவு செலவைத்தான். எல்லா வரவையும் செயலிக் கணக்குக்குத் திருப்பிவிட்டு, கிளைக் கணக்கைக் காலியாக வைத்துவிட்டுக் கடன் கேட்டால் பேச்சு நீளாது.

அதனால் பாலக்கரை அளவு வியாபாரத்துக்குப் பொருத்தமாகத் தெரிவது, நடந்து போகிற தூரத்தில் கிளை உள்ள வங்கியில் நடப்புக் கணக்கு. அதற்கு மேல் வேண்டிய செயலி. ரொக்கமே கையாளாத தொழிலுக்கு, உதாரணமாக வீட்டிலிருந்து டிசைன் வேலையோ கணக்கு எழுதும் வேலையோ செய்பவருக்கு, செயலிக் கணக்கே போதும். மினிமம் பேலன்ஸ் அபராதமாவது மிஞ்சும். எந்தக் கணக்காக இருந்தாலும் க்யூஆர் வரவு சொந்தச் சேமிப்புக் கணக்கில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2025 ஜூலையில் யுபிஐ வரவை வைத்துக் கர்நாடகச் சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனபோது, எது வியாபாரப் பணம், எது மச்சான் திருப்பிக் கொடுத்த கைமாத்து என்று பிரித்துக் காட்ட முடியாமல்தான் பலர் திண்டாடினார்கள்.

கடைசியாக, வாரிசு நியமனம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். செயலியில் கணக்குத் திறக்கும் அவசரத்தில் 'பிறகு பார்க்கலாம்' என்று தாண்டிவிடும் பக்கம் அதுதான். கடைக்காரர் திடீரென்று இறந்துபோனால், அவர் கைபேசியின் பாஸ்வேர்டு தெரியாத மனைவிக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாமல் போகலாம். பாஸ்புக் பீரோவில் இருக்கும். செயலி பூட்டிய போனுக்குள் இருக்கும். வங்கியின் பெயரையும் கணக்கு எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதி, கடை லைசென்ஸ் வைத்திருக்கும் ஃபைலிலேயே போட்டு வைக்கலாம்.